குறைவாக ஓடும் காருக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடுகிறது

வீட்டில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பக்கத்து வேலைகளுக்குப் போய் வருவதோடு சரி. இன்னொன்று தம்பியுடைய டீசல் கார். வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருக்கும். இரண்டுக்கும் ஆயில் மாற்றுவது என் பொறுப்பு. கையேடுகள் இரண்டிலும் ஒரே வரிதான்: 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. இந்த முறை இரண்டு கார்களுக்கும் அடுத்தடுத்து ஆயில் மாற்றினேன். வடித்த ஆயிலில் கொஞ்சம் தனித்தனி பாட்டிலில் பிடித்து, ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பி வைத்தேன்.

பெட்ரோல் கார் அந்த ஓராண்டில் ஓடியது 4,000 கிலோமீட்டர் சொச்சம். தம்பியின் கார் 10,000-ஐத் தொட்டிருந்தது. அவன் கார் ஆயில் நல்ல கறுப்பு. என் கார் ஆயில் வெறும் பழுப்பு. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் போலத் தெரிந்தது. முடிவுகள் வந்தபோது கறுப்பு ஆயிலில் இன்னும் தெம்பு மிச்சம் இருந்தது. பழுப்பு ஆயிலின் கதை முன்பே முடிந்திருந்தது.

ஏன் அப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. கார் டிஸ்ப்ளேயில் சராசரி வேகம் காட்டுமே, அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்ற நேரத்தையும் பெரும்பாலான கார்கள் இந்தச் சராசரியில் சேர்த்துவிடுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுதான். என் காரில் அது மணிக்கு 18 கிலோமீட்டர் என்று காட்டியது. தம்பி காரில் 60.

4,000-ஐ 18 ஆல் வகுத்தால் 222 மணி நேரம். 10,000-ஐ 60 ஆல் வகுத்தால் 167 மணி நேரம். அதாவது பாதி தூரம்கூட ஓடாத கார்தான் அதிக நேரம் எஞ்சினை ஓட்டியிருக்கிறது. மாதக் கணக்கைப் பார்க்காமல் கையேட்டின் கிலோமீட்டரை மட்டும் நம்பி என் காரை 10,000 வரை விட்டிருந்தால் 556 மணி நேரம் ஆகியிருக்கும். டிராக்டர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் ஆயிலை மணிக்கணக்கில்தான் மாற்றுகிறார்கள். பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரம் என்று போட்டிருக்கும். காருக்கு மட்டும் கிலோமீட்டர் என்று ஆனதற்குக் காரணம், ஓடோமீட்டர் எல்லா காரிலும் இருக்கிறது, மணிமானி இருப்பதில்லை.

மணிக்கணக்கோடும் விஷயம் முடிவதில்லை. அந்த 222 மணி நேரத்தில் எஞ்சின் முழுச் சூட்டில் ஓடிய நேரம் எவ்வளவு என்பது அதைவிட முக்கியம். இதைப் பார்க்க ஒரு அகச்சிவப்பு வெப்பமானியை வைத்து சம்ப்பின், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியின், அடிப்பக்கத்தை அளந்தேன். கடைக்குப் போகிற தூரம் ஓட்டிவிட்டு வந்தபோது டாஷ்போர்டில் முள் நடுவில் நின்றது, எஞ்சின் சூடாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சம்ப் 50 டிகிரியைச் சுற்றித்தான் இருந்தது. முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் ஏறும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு அளந்தபோது 90-ஐ நெருங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ஆயில் அந்த உலோகத் தகட்டைவிட இன்னும் சற்றுச் சூடாகவே இருக்கும்.

அந்தச் சூடு ஏன் வேண்டும்? 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கேட்க வியப்பாக இருக்கும், ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே சம்ப்புக்கு வரும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கப்படுவதால், எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவரை நனைத்தபடி ஆயிலில் இறங்கும். நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் இது இன்னும் அதிகம். ஆயில் நன்றாகச் சூடேறினால் தண்ணீர் ஆவியாகிவிடும், பெட்ரோலிலும் ஒரு பகுதி போய்விடும். அந்த ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கு (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) இழுத்து எரித்துவிட ஒரு குழாயும் வால்வும் இருக்கின்றன. சூடேறுவதற்கு முன்பே எஞ்சினை நிறுத்திக்கொண்டிருந்தால் இரண்டும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

என் காரின் ஆயில் மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு படிவு. ஆயிலும் தண்ணீரும் கலந்து அடிபட்டால் இப்படித்தான் ஆகும். இதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) தொட்டியில் அளவு குறையவில்லை, டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்த ஆயிலில் பால் நிறம் இல்லை, மூடியில் மட்டும் படிவு இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் குறுந்தூர ஓட்டத்தின் வேலை. டிப் ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தால் காரைக் கிளப்பக்கூடாது. தம்பி கார் மூடியில் ஒன்றுமே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது. அழுக்கும் சேர்ந்து வரும், வடியவும் அதிக நேரம் எடுக்காது. கொதிக்கக் கொதிக்க வடிக்கப் போனால் கை வெந்துவிடும். ஓட்டிவிட்டு வந்து, கருவிகளை எடுத்து வைக்கிற நேரம் ஆறவிட்டால் போதும். காரை சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் ஜாக்கால் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

ஆயில் வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான் சரி. திறந்த வாய் ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் முனைகள் மழுங்கும், அடுத்த முறை கழற்றும்போது அழவேண்டி வரும். ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, கடைசிச் சுற்றுகளைக் கையால், போல்ட்டை உள்பக்கம் அழுத்தியபடியே சுற்ற வேண்டும். இழை முழுவதும் விட்டது தெரிந்ததும் சட்டென்று விலக்கினால் கையில் ஆயில் வழியாது. முதலில் ஆயில் வளைந்து தள்ளிப்போய் விழும். அளவு குறையக் குறைய ஓட்டம் நேர் கீழே வரும். தட்டை அதற்குத் தகுந்தபடி நகர்த்த வேண்டும்.

மாதிரி எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் வருகிற ஆயிலோடு சம்ப்பின் அடியில் தங்கிய வண்டலும் வரும். கொஞ்சம் ஓடவிட்டு, நடு ஓட்டத்தில் பாட்டிலைக் காட்டிப் பிடிக்க வேண்டும். பாட்டில் சுத்தமாக, ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்தினால் அந்த ஈரமே முடிவில் தண்ணீர்க் கலப்பாகத் தெரியும்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது வாஷர் புதிது. நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை, ஒருமுறை நசுங்கினது மறுபடி ஒழுங்காக நசுங்காது. இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்தேன். என் காருக்குக் கையேடு சொல்வது 35 நியூட்டன் மீட்டர். கை பலத்தில் இறுக்குபவர்கள் பெரும்பாலும் இதைவிட அதிகமாகத்தான் இறுக்குகிறார்கள். சம்ப் அலுமினியமாக இருந்தால் இழை பிய்ந்துவிடும், அப்புறம் ஒரு வாஷர் செலவில் முடிய வேண்டிய வேலை சம்ப் மாற்றுகிற வேலையாகிவிடும்.

ஃபில்டரில் கவனிக்க வேண்டியது அதன் ரப்பர் வளையம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஆகிவிடும். எஞ்சினைக் கிளப்பியதும் அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். தடவிப் பார்த்து, துணியால் துடைத்து, புதிய வளையத்தில் புது ஆயிலைத் தொட்டுப் பூசி, வளையம் உட்கார்ந்த பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். தம்பி காரில் இருப்பது காகித உருளை வகை. மூடியின் ஓ-வளையத்தை மாற்றினால் வேலை முடிந்தது.

என் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர். 3 லிட்டர் ஊற்றிக் கிளப்பினேன். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைந்தது. கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் முழுவதும் கீழே இறங்கும்வரை காத்திருந்து, டிப் ஸ்டிக் பார்த்துப் பார்த்து மீதியை ஊற்றினேன். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. கூடுதலாக இருந்தால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கிவிடும்; நுரையைப் பம்ப் ஒழுங்காகத் தள்ளாது. பல கார்களில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஏறத்தாழ 1 லிட்டர் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஊற்றுகிற அளவு கைக்கு வந்துவிடும்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெட்டிப் பார்த்தேன். ரம்பத்தால் அறுத்தால் அந்த உலோகத் தூளே காகிதத்தில் ஒட்டி நம்மைக் குழப்பிவிடும், தகடு வெட்டும் கத்திரி நல்லது. மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தபோது மினுமினுப்பு எதுவும் இல்லை. எஞ்சினுக்கு இன்னும் சேதம் வரவில்லை என்ற வரையில் நிம்மதி. ஆனால் மடிப்புகளின் அடியில் கொழகொழவென்று ஒரு படிவு, மூடியில் பார்த்ததன் உறவுக்காரர்.

அப்புறம் காகிதச் சோதனை. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வடிகட்டும் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு ஆயிலை விட்டு, அடிப்பக்கம் எதிலும் படாமல் ஒரு நாள் காயவிட வேண்டும். தம்பி கார் சொட்டு நடுவிலிருந்து ஓரம் வரை சீராகப் பரவி, சாம்பல் நிறத்தில் மெல்ல மங்கியது. கரியைத் துகள் துகளாகப் பிரித்துச் சுமந்து நிற்கிற சக்தி அந்த ஆயிலுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்தச் சக்தி தீர்ந்துபோன ஆயில் என்றால் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு, அதைச் சுற்றிக் கூர்மையான விளிம்பு, வெளியே வெறும் எண்ணெய் வளையம் என்று நிற்கும். என் கார் சொட்டில் கரி குறைவுதான்; ஆனால் வெளிவளையம் அகலமாக, நிறமே இல்லாமல் பரவியிருந்தது. எரிபொருள் கலந்த ஆயில் இப்படிப் பரவும்.

நிறத்தை வைத்து ஆயிலை மதிப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். கரி ஆயிலில் மிதந்தால் எஞ்சின் சுவரில் ஒட்டவில்லை என்று அர்த்தம். ஆயிலில் சேர்த்திருக்கும் சலவை மருந்து வேலை செய்கிறது. விரலில் தொட்டு உரசிப் பார்த்து "ஆயில் போச்சு" என்று சொல்கிறவர்களுக்கு எது தெரிகிறதோ எனக்குத் தெரியாது, என் விரலுக்குத் தெரியவில்லை.

ஆய்வக முடிவில் நான் முதலில் பார்த்தது பாகுத்தன்மை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது. இரண்டு கார்களிலும் ஊற்றியிருந்தது 5டபிள்யூ-30 என்ற பாகுத்தன்மைத் தரம். அந்த 30 என்ற தரத்துக்கு 100 டிகிரியில் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். தம்பி கார் ஆயில் அந்த வரம்புக்குள் சௌகரியமாக இருந்தது. என்னுடையது 9.3-க்குக் கீழே இறங்கி 20 தரத்துக்குள் போயிருந்தது. கூடவே தீப்பற்றும் வெப்பநிலையும் குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது காரத்தன்மை எண், அமிலத்தைச் சமன்செய்ய ஆயிலில் மிச்சமிருக்கும் சக்தி. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலங்களும் தண்ணீரும் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். அதைச் சமன்செய்யத்தான் ஆயிலில் கால்சியம், மக்னீசியம் சேர்ந்த மருந்துகளைப் போடுகிறார்கள். ஓட ஓட இது கரைந்துகொண்டே வரும். தம்பி காரில் பாதிக்கு மேல் மிச்சம். என் காரில் கிட்டத்தட்ட காலி. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறைவுக்காகத்தான் ஆயிலை மாற்றுகிறோம். எண்ணெயாக அது இன்னும் வழுக்கத்தான் செய்யும்.

உலோக அளவுகள் இரண்டிலும் பயப்படும்படி இல்லை. இரும்பு என்றால் சிலிண்டர், கேம் ஷாஃப்ட் பக்கம். அலுமினியம் என்றால் பிஸ்டன். ஈயமும் தாமிரமும் சேர்ந்து ஏறினால் பேரிங். சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போகிறது. புது எஞ்சினில் மட்டும் கேஸ்கட் பசையிலிருந்தும் சிலிக்கான் வரும், அதைத் தூசி என்று நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை.

முடிவைப் படித்துக் காட்டியதும் தம்பி கேட்ட முதல் கேள்வி: "அப்படின்னா என் வண்டியை 15,000 வரைக்கும் விடலாமாண்ணா?" வேண்டாம் என்றேன். ஒரு மாதிரியை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்று நான்கு முறை தொடர்ந்து எடுத்தால்தான் போக்கு தெரியும். தவிர, வாரன்டி இருக்கிற காரில் கையேட்டின் எல்லையைத் தாண்டினால் நாளைக்கு எஞ்சினில் எது நடந்தாலும் அதைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். சில ஐரோப்பிய கார்களுக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு என்று உற்பத்தியாளரே போட்டிருக்கிறார்கள் என்று அவன் எங்கோ படித்திருக்கிறான். உண்மைதான். அதற்கென்று தனித் தரத்தில் ஆயில், பெரிய சம்ப், ஓட்டத்தைப் பொறுத்து இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும் கணினி எல்லாம் சேர்ந்துதான் அந்த 30,000. விலை உயர்ந்த சிந்தெடிக் வாங்கி ஊற்றிவிட்டால் நம் காரும் அப்படி ஆகிவிடாது. சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், குளிரில் இளகி ஓடும். உள்ளே இறங்குகிற பெட்ரோலையும் தண்ணீரையும் அதனால் தடுக்க முடியாது.

அப்பா எப்போதும் 5,000 கிலோமீட்டர் கட்சி. அவர் ஓட்டிய காலத்தில் கார்புரேட்டர், சோக் இழுத்துக் கிளப்ப வேண்டும், பெட்ரோல் தாராளமாக ஆயிலில் கலக்கும், ஆயிலும் சாதா மினரல் ஆயில். அந்த எஞ்சின்களுக்கு 5,000 நியாயமான எண். இன்றைய கார்களுக்கு அது வீண் செலவு என்று நான் அவரிடம் வாதாடியிருக்கிறேன். தம்பி கார் விஷயத்தில் இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் என் கார் ஓடுகிற விதத்துக்கு அவருடைய எண்தான் பொருந்துகிறது. கையேட்டைப் பின்பக்கம் புரட்டினால் அதிலும் அது இருக்கிறது: குறுந்தூரம், நெரிசல், தூசி, நீண்ட நேரம் நின்றபடி ஓட்டுவது, பாரம் இழுப்பது ஆகியவற்றுக்குக் கடுமையான பயன்பாடு என்று பெயர் வைத்து, இடைவெளியைப் பாதியாக்கியிருக்கிறார்கள். நகரத்தில் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்குள்தான் வருவார்கள். அதைத் தங்களுக்கு எழுதியது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

டாஷ்போர்டில் ஆயில் ஆயுள் இத்தனை சதவீதம் என்று காட்டும் கார்களில் இந்தத் தலைவலி குறைவு. அவற்றில் பலவும் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில், எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளம்பியது என்று கணக்குப் போடுகின்றன. கிலோமீட்டரைவிட அது நம்பகமான கணக்கு. ஆயில் மாற்றியதும் மறக்காமல் ரீசெட் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் பெட்ரோல் காருக்கு 6 மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர். நடைமுறையில் 6 மாதம்தான் முதலில் வரும். இடையிடையே ஒரு முறை அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓட்டி, ஆயிலைச் சூடாக்கிவிடுவதாகவும் இருக்கிறேன். தம்பி காருக்கு அதே 10,000. ஆயில் தரத்தில் மாற்றம் இல்லை: பெட்ரோலுக்கு 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரம், டீசலில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் கரி வடிகட்டி இருப்பதால் எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் வகை. டீசலில் இதை மாற்றி ஊற்றினால் வடிகட்டி அடைபட்டுவிடும், அது ஆயிலைவிடப் பல மடங்கு செலவு. வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த கேன்களிலேயே ஊற்றி, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்தாயிற்று.

நகரத்துக்குள்ளேயே டீசல் கார் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒன்று. கரி வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்ய எஞ்சின் அவ்வப்போது கூடுதலாக டீசல் தெளிக்கும். அந்தச் சுத்தம் முடிவதற்குள் காரை நிறுத்திக்கொண்டே இருந்தால் அது மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்தால் எல்லோரும் கவனிக்கிறோம். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் அது பெரும்பாலும் டீசல். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் ஓடோமீட்டர் என்ன காட்டினாலும் அந்த வாரமே ஆயிலை மாற்றிவிடுங்கள்.